பதினொரு பெயர்களின் மேல் என் பெயர்

காற்றிலே கரித்தூளும் கண்ணிலே கடல் உப்பும் விழ விழ வாழ்ந்து, அந்தக் கண்ணைத் துடைத்துக்கொண்டு இந்த மாலையில் தண்டையார்பேட்டைத் தெருமுனையில் திரண்டிருக்கும் திருக்கூட்டமே! துறைமுகத்தில் முப்பத்தைந்து ஆண்டு சரக்குத் தூக்கும் வின்ச் பிடித்த கையால் இன்று மைக்கைப் பிடித்து, இந்த அவைக்குத் தலைமை தாங்கும் அண்ணன் ராசையா அவர்களே! எனக்கு முன்னால் பேசி அமர்ந்திருக்கும் பெரியோர்களே! இடுப்பிலே பிள்ளையும் கையிலே கூடையுமாகக் கால் கடுக்க நிற்கும் என் தாய்மார்களே! காசிமேட்டு ஏலம் முடிந்து, உடுத்திய சேலையோடு நேரே இங்கு வந்திருக்கும் சகோதரிகளே! கன்டெய்னர் வரிசை நகரவில்லை என்று வண்டியை அணைத்துவிட்டு நம் கூட்டத்தைக் கேட்கும் லாரி ஓட்டுநர்களே! டீக்கடை ஓரத்தில் நின்று, சின்ன நோட்டில் நான் பேசுவதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கும் காவல்துறை நண்பரே! உங்கள் எல்லோருக்கும் நங்கூரக்குப்பத்துச் செங்குட்டுவன் தலை தாழ்த்தி வணக்கம் சொல்கிறேன்.

காவல்துறை நண்பரே, இன்று உங்களுக்கு வேலை அதிகம். பேனாவில் மை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் ராசையா கையிலே ஒரு பொன்னாடை இருக்கிறது. பேர்க்கல் பாதுகாப்புக் குழுவின் செயலாளர் செங்குட்டுவனுக்கு அதைப் போர்த்தப்போகிறார்கள் என்று நோட்டீசில் அச்சடித்திருக்கிறார்கள். வேண்டாம் அண்ணே. மடித்து வையுங்கள். அது என் தோளில் விழுந்தால் தோள் எரியும். ஏன் என்று கேட்கிறீர்கள். சொல்லத்தான் வந்திருக்கிறேன். இருபத்திரண்டு வருடமாக நான் மேடையேறுகிறேன். இத்தனை மேடையிலும் மற்றவனைத்தான் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தியிருக்கிறேன். இன்று முதல்முறையாக வேறு ஒரு ஆளை நிறுத்தப்போகிறேன். கைதட்டாதீர்கள். ஆள் யாரென்று தெரிந்த பிறகு தட்டலாமா வேண்டாமா என்று முடிவு செய்துகொள்ளுங்கள்.

வெளியூர்க்காரர்கள் சிலர் வந்திருக்கிறீர்கள். லாரி ஓட்டுநர்களுக்கு எங்கள் பேர்க்கல் தெரியாது. ஆகவே அதைச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன்.

ராயபுரத்துக்கும் திருவொற்றியூருக்கும் நடுவே, கடல் தின்றது போக மிச்சமிருக்கும் கரையிலே எங்கள் குப்பம். அதன் பின்னால் ஒரு கல்லறை நிலம். அந்த நிலத்தின் நடுவே ஆளுயரக் கருங்கல் ஒன்று. இந்தப் பட்டணத்துக்குத் துறைமுகம் என்று ஒன்று இல்லாத காலம். கப்பல்கள் நடுக்கடலில் நிற்கும். ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கரை சேர்த்தவர்கள் படகுக்காரர்கள். ஒரு புயல் நாளில் கப்பல் ஒன்று நங்கூரம் அறுந்து மணலில் மோதியது. கப்பலில் இருந்தவர்களைக் காப்பாற்ற நம்மவர்கள் பதினொரு பேர் படகைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கப்பல்காரர்கள் கரை சேர்ந்தார்கள். கூட்டிவரப் போன பதினொரு பேரும் சேரவில்லை. ஒரு உடல்கூடக் கிடைக்கவில்லை. எரிக்க உடலில்லை, புதைக்க உடலில்லை. அதனால் மிச்சமிருந்த படகுக்காரர்கள் சேர்ந்து ஒரு கல்லை நட்டு, அதிலே பதினொரு பெயரையும் வெட்டி வைத்தார்கள். அதுதான் எங்கள் பேர்க்கல்.

எப்படி வெட்டினார்கள் தெரியுமா? வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர், பெயருக்குப் பக்கத்திலே முஸ்லிம் பெயர். அதற்குக் கீழே இந்துப் பெயர். எந்தப் பெயருக்குப் பின்னாலும் சாதி வால் இல்லை. பெரியவன் பெயர் பெரிதாக, சின்னவன் பெயர் சின்னதாக இல்லை. பதினொன்றும் ஒரே அளவு. நூற்றைம்பது வருடத்துக்கு முன்னால், படித்தவர்கள் பந்தியைப் பிரித்துச் சாப்பிட்ட காலத்தில், படிக்காத படகுக்காரர்கள் இதைச் செய்தார்கள்! எந்த அரசன் ஆணையிட்டான்? எந்த அறிஞன் எழுதிக் கொடுத்தான்? யாருமில்லை. சேர்ந்து துடுப்புப் போட்டவர்கள், சேர்ந்து செத்தார்கள். சேர்த்தே எழுதினார்கள்.

கல்லறைத் திருநாளுக்கு அங்கே மெழுகுவர்த்தி எரியும். ஆடியில் கற்பூரம் எரியும். ஊதுவத்தி எரியாத வெள்ளிக்கிழமை கிடையாது. கடலுக்குப் போய்த் திரும்பாத ஒவ்வொருவருக்கும் அதுதான் சமாதி. இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார் ஐரீன் அம்மா. காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவர். அவருடைய அப்பாவைக் கடல் கொண்டுபோனது. அந்த அப்பாவுக்கும் பாட்டனுக்கும் முந்திய ஒருவரின் பெயர், சூசை என்பது, அந்தக் கல்லிலே நான்காவது வரி. ஐரீன் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் மேலிருந்து மூன்று வரியை விரலால் எண்ணித் தள்ளி, நான்காவது வரியில் விரலை வைத்துத் தடவிவிட்டுத்தான் மெழுகுவர்த்தி ஏற்றுவார். அவருக்கு அப்பாவும் அங்கே, பாட்டனும் அங்கே.

அந்தக் கல்லறை நிலத்தின் மேலேதான் கன்டெய்னர் சாலை வருகிறது.

சாலை வேண்டாம் என்று நாம் சொன்னோமா? ஒருநாளும் சொல்லவில்லை. இதோ நிற்கிறதே லாரி வரிசை, நேற்று மதியம் கிளம்பிய வண்டி இன்னும் இங்கேயே நிற்கிறது. அந்த ஓட்டுநரும் ஒரு வீட்டுப் பிள்ளைதான். துறைமுகம் வளரட்டும். வண்டி ஓடட்டும். நாம் கேட்டது ஒன்றே ஒன்று. பக்கத்திலே வேலி போட்டுக் காலியாகக் கிடக்கிறது ஒரு பெரிய நிலம். இருபது அடி தள்ளிப் போங்கள் என்றோம்.

தள்ளிப் போக முடியாதா? முடியும்! இதே சாலை, நம் கல்லுக்கு அரை மைல் தெற்கே, ஒரு வெள்ளைக்காரத் தளபதியின் கல்லறைக்காக வளைகிறது. வரைபடத்தில் நானே பார்த்தேன். அழகான வளைவு. ஏனென்றால் அந்தக் கல்லறை அரசின் பழஞ்சின்னப் பட்டியலில் இருக்கிறது. அதற்கு இரும்பு வேலி இருக்கிறது, நீலப் பலகை இருக்கிறது. தளபதிக்காக வளையும் தார், படகில் தண்டு வலித்தவனுக்காக வளையாதா?

வளையும் என்றுதான் விதி சொன்னது. அந்தத் திட்டத்தின் விதியிலேயே இருந்தது. சாலை போடும் முன்னால் வழியிலுள்ள பழஞ்சின்னங்களை மதிப்பீடு செய்ய வேண்டும். நூறு ஆண்டுக்கு மேற்பட்ட எழுத்துள்ள கல் ஒன்று இருந்தால் சாலை விலக வேண்டும். எழுத்துள்ள கல்! நம்மிடம் இருந்ததே அதுதானே! மதிப்பீட்டுக்காரர் வருகிறார் என்று கடிதம் வந்த அன்று நாம் பட்டாசு வெடித்தோம். ஞாபகம் இருக்கிறதா? நானே வெடித்தேன்.

இனிமேல் நான் சொல்வதைக் கொஞ்சம் அமைதியாகக் கேளுங்கள். பின்னால் யார் விசில் அடிப்பது? போதும் தம்பி.

வடசென்னைக்கு என்று ஒரு வழக்கம் உண்டு. நம் வழக்கம். பெரிய மனிதர் யாராவது வருகிறார் என்றால் என்ன செய்வோம்? மூன்று மாதம் அள்ளாத குப்பையை மூன்று மணி நேரத்தில் அள்ளுவோம். சாக்கடை ஓரத்தில் பிளீச்சிங் பவுடரால் கோலம் போடுவோம். விளக்குக் கம்பத்துக்குச் சுண்ணாம்பு. மரத்துக்குச் சுண்ணாம்பு. கட்டிப்போட்ட ஆடு நகராமல் நின்றால் அதற்கும் சுண்ணாம்பு. சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். யாருக்கும் நம்மைப் பற்றி இளக்காரமாக ஒரு வார்த்தை சொல்ல இடம் கொடுக்கக்கூடாது என்ற வைராக்கியம் அது. சினிமாவில் நம்மைக் கேலி செய்கிறார்கள், நம் பேச்சைக் கேலி செய்கிறார்கள். வருகிற அதிகாரி மூக்கைப் பொத்தக்கூடாது. அந்த வீம்பு நம் இரத்தத்தில் இருக்கிறது.

மதிப்பீட்டுக்காரர் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் கல்லறை நிலத்தில் குழு கூடியது. கல்லைப் பார்த்தோம். எண்ணெய்ப் பிசுக்கு, மெழுகு வழிசல், காக்கை எச்சம், ஓரத்தில் ஒரு விரிசல். ஒருவர் சொன்னார், "இன்னாபா இவ்ளோ கலீஜா கீது? படிச்ச ஆளுங்க வர்றாங்க, பாத்தா இன்னா நெனைப்பாங்கோ?" சொன்னவர் யாராக இருந்தால் என்ன? நாம் எல்லோரும் தலையாட்டினோம். நான் எழுந்து நின்று தீர்மானம் முன்மொழிந்தேன். என்ன தீர்மானம்? பேர்க்கல்லைப் புதுப்பித்து, பூசி, வண்ணம் தீட்டி, வருகிறவர்கள் வியக்கும் வண்ணம் நிறுத்துவது. ஒருமனதாக நிறைவேறியது.

கொத்தனார் மஜீது பாய் சிமெண்டும் கரண்டியும் கொண்டு வந்தார். இதோ மேடைக்குப் பக்கத்தில் நிற்கிறார். அன்று காலை அவர் கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். நான் அப்போது என்ன செய்துகொண்டிருந்தேன்? மதிப்பீட்டுக்காரருக்கு முன்னால் பேசப்போகும் வரவேற்புரையை எழுதிக்கொண்டிருந்தேன். மஜீது பாய் கேட்டார், "நைனா, கல்லு வயவயன்னு கீது. அப்டியே பூசுனா நிக்காது, வுட்டுப் போயிரும். கொத்தி வுட்டுட்டுப் பூசட்டுமா?"

கொத்துவது என்றால் என்னவென்று கொத்தனார் வேலை தெரிந்தவர்களுக்குத் தெரியும். வழுவழுப்பான மேற்பரப்பில் சிமெண்ட் ஒட்டாது. உளியால் அதைக் கொத்திக் கொத்திச் சொரசொரப்பாக்கினால்தான் ஒட்டும். மஜீது பாய் என்னை முறையாகக் கேட்டார். நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எதுகை ஒன்று சரியாக வராமல் தடுமாறிக்கொண்டிருந்தேன். கையை ஆட்டிச் சொன்னேன், "பிடிக்கிற மாதிரி பண்ணு பாய்."

அவ்வளவுதான். நான்கு வார்த்தை. நான் பேசிய எந்தப் பேச்சுக்கும் இத்தனை பலன் கிடைத்ததில்லை.

மாலையில் கல் மின்னியது. மேலே சிமெண்ட், அதற்கு மேலே கப்பலுக்கு அடிக்கும் நீல பெயிண்ட். அதோடு விட்டோமா? வெறும் நீலமாக இருந்தால் நன்றாக இருக்காதே! நாம் எங்கே எதைக் கட்டினாலும் பெயர் போட வேண்டுமே! டியூப் லைட்டில் பெயர், தண்ணீர்த் தொட்டியில் பெயர், கோயில் மணியில் பெயர், சர்ச் பெஞ்சில் பெயர். பெயின்டரை வரவழைத்தோம். வெள்ளை எழுத்து. "பேர்க்கல் பாதுகாப்புக் குழு, 2002." தலைவர் பெயர், பொருளாளர் பெயர், துணைத்தலைவர்கள் பெயர். எல்லாவற்றுக்கும் மேலே, எல்லாவற்றையும் விடப் பெரிதாக, சொன்னால் நம்பமாட்டீர்கள், ஓர் அடி உயர எழுத்தில், "நாவுக்கரசு செங்குட்டுவன், செயலாளர்." நாவுக்கரசு பட்டத்தையும் விடவில்லை.

அந்த நேரம் ஐரீன் அம்மா ஏலம் முடிந்து வந்தார். கல்லின் முன்னால் நின்றார். மேலிருந்து விரலால் எண்ண ஆரம்பித்தார். பெயிண்ட் இன்னும் காயவில்லை. விரலில் நீலம் ஒட்டியது. என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னார், "உம் பேரு நல்லா பளபளன்னு கீது நைனா."

நான் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன். "பழைய எழுத்தெல்லாம் உள்ளே பத்திரமாக இருக்கும்மா, சாலை விலகியதும் பூச்சை எடுத்துவிடுவோம்" என்றேன். மஜீது பாய் அப்போது கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி கழுவினார்.

மூன்றாம் நாள் மதிப்பீட்டுக்காரர் வந்தார். ஒரு வார்த்தை அவரைப் பற்றிக் குறைவாகச் சொல்லமாட்டேன். சின்ன வயது. வெயிலில் முகம் கறுத்து, நாடாவும் கேமராவுமாக வந்தார். ஐந்து இடத்தைப் பார்க்க ஒருநாள்தான் கொடுத்திருக்கிறார்கள் பாவம். கல்லைச் சுற்றி வந்தார். தட்டிப் பார்த்தார். என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "சார், இதுல பழைய எழுத்து எங்க இருக்கு?"

நேரான கேள்வி. நேராகப் பதில் சொல்லியிருக்க வேண்டும். பூச்சுக்கு உள்ளே இருக்கிறது ஐயா, இப்போதே உடைத்துக் காட்டுகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன்? உங்களில் இருநூறு பேர் அங்கே இருந்தீர்கள். நெஞ்சில் கையை வைத்து முழங்கினேன்: "எழுத்தா? எழுத்து எங்கே என்றா கேட்கிறீர்கள்? எழுத்து எங்கள் இதயத்தில் இருக்கிறது! எங்கள் இரத்தத்தில் இருக்கிறது! அலையோசையில் இருக்கிறது!" நீங்கள் கைதட்டினீர்கள். அந்தத் தட்டலில் எனக்குத் தலை கிறுகிறுத்தது. நாற்பது நிமிடம் பேசினேன். அவர் கேட்டது ஒரு கேள்வி. நான் கொடுத்தது ஒரு சொற்பொழிவு. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், படம் எடுத்தார், ஒரு சோடா குடித்தார், போய்விட்டார்.

போன வாரம் அறிக்கை வந்தது. வாசிக்கிறேன். "நங்கூரக்குப்பம் கல்லறை நிலத்தில் சிமெண்ட் பூசி வண்ணமடித்த தூண் ஒன்று உள்ளது. பழைய எழுத்து எதுவும் காணப்படவில்லை. தூணில் 2002 என்ற ஆண்டும் உள்ளூர் அமைப்பொன்றின் நிர்வாகிகள் பெயரும் உள்ளன. தொன்மை மதிப்பு: இல்லை." பக்கத்திலே படம். படத்தில் என்ன தெரிகிறது? என் பெயர் தெரிகிறது! தெள்ளத் தெளிவாகத் தெரிகிறது. நூற்றைம்பது ஆண்டுக் கல்லுக்கு வயது ஒரு மாதம் என்று நிரூபிக்க அவர்கள் காட்டும் ஆதாரம், நாவுக்கரசு செங்குட்டுவன்.

அறிக்கை வந்த அன்று நம் குழுவே கொதித்தது. பொய் அறிக்கை, கூலி அறிக்கை என்று நானும் கத்தினேன். பூச்சை உடையுங்கள், பெயரைக் காட்டுவோம் என்றேன். வியாழக்கிழமை மாலை எல்லோரும் கல்லைச் சுற்றி நின்றோம். மஜீது பாய் உளியை எடுத்தார். எடுத்தவர் கையைத் தாழ்த்திவிட்டார். "நைனா, வேணாம் நைனா" என்றார். ஏன் என்றேன். "உள்ள ஒண்ணும் இல்ல நைனா. நான்தான் கொத்தி வுட்டேனே. நீதான புடிக்கிற மாரி பண்ணுன்ன?"

நான் நம்பவில்லை. உளியைப் பிடுங்கி நானே உடைத்தேன். பூச்சு தகடு தகடாக விழுந்தது. முதல் வரி இருந்த இடத்தில் உளிப் புள்ளிகள். இரண்டாவது வரியில் உளிப் புள்ளிகள். எழுத்தில் மிஞ்சியது ஒரு கொம்பு, ஒரு சுழி, எங்கோ ஒரு கால், அவ்வளவுதான். மஜீது பாய் நல்ல வேலைக்காரர். ஓரிடம் விடாமல் கொத்தியிருந்தார்.

ஐரீன் அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். யாரையும் திட்டவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நான் பிழைத்திருப்பேன். மேலிருந்து எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. நான்காவதில் விரலை வைத்தார். தடவினார். மறுபடியும் தடவினார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்: "எங்க நைனா கீது எங்க பாட்டன் பேரு? இங்கதான கீந்துச்சு?"

இருபத்திரண்டு வருடம் பேசிய வாய் இது. அடுக்குமொழி அருவியாகக் கொட்டும் வாய் இது. இந்த வாய்தான் "பிடிக்கிற மாதிரி பண்ணு" என்றது. கடல் அந்தப் பதினொரு பேரின் உடலைக் கொண்டது. பெயரைக் கொள்ளவில்லை. புயல் அழிக்காத பெயர், உப்புக்காற்று அரிக்காத பெயர், வெள்ளைக்காரன் தொடாத பெயர். நான் அழித்தேன்.

என்ன அண்ணே அங்கே கேட்கிறீர்கள்? போட்டோ இல்லையா என்றா? தேடினோம் அண்ணே. வீடு வீடாக ஆல்பத்தைப் புரட்டினோம். கல்யாணப் படம், சர்ச்சில் புதுநன்மை வாங்கிய படம், குழந்தைக்கு மொட்டையடித்த படம், எல்லாவற்றிலும் கல் இருக்கிறது. எல்லாவற்றிலும் அதை மறைத்துக்கொண்டு நாம் நிற்கிறோம். எங்காவது ஏட்டில் எழுதி வைத்தோமா? இல்லை. சரி, நினைவிலாவது இருக்கிறதா? நான்கு பெயர் இருக்கிறது. சூசை, முத்தாலு, காசிம், அந்தோணிமுத்து. அந்தந்தக் குடும்பம் காப்பாற்றி வைத்தது. மீதி ஏழு? யாராவது சொல்லுங்கள். இத்தனை பேர் இருக்கிறீர்கள். மாலை போட்டோமே, மெழுகுவர்த்தி ஏற்றினோமே, ஒருநாள், ஒரே ஒருநாள், நின்று வாசித்தோமா? எனக்குப் படிக்கத் தெரியும். துறைமுகத்தில் டாலி கிளார்க் நான். எந்தக் கப்பலில் எத்தனை மூட்டை இறங்கியது என்று எழுதி வைப்பதுதான் என் தொழில். மூட்டைக்குக் கணக்கு வைத்தேன். மனிதருக்கு வைக்கவில்லை.

அழாதீர்கள் தாய்மார்களே. அழுவதற்கு நேரமில்லை. நாளை காலை பத்தரை மணிக்கு மாவட்ட அலுவலகத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம். ஆட்சேபணை சொல்ல அதுதான் கடைசி நாள். அதன்பிறகு இயந்திரம் வரும். என்ன சொல்லப்போகிறோம்? எழுத்து இருந்தது என்போம். காட்டு என்பார்கள். எதைக் காட்டுவது? எங்கள் இதயத்தில் இருக்கிறது என்று நாளைக்கும் போய்ச் சொல்வதா?

மூன்று நாள் நான் தூங்கவில்லை. யோசித்தேன். நேற்றுக் காலை ஒரு முடிவுக்கு வந்து, ஒரு புகார் எழுதிக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போனேன். யார் மேல் புகார்? என் மேல்தான். "நங்கூரக்குப்பம் கல்லறை நிலத்தில் நூற்றைம்பது ஆண்டுப் பழமையான கல்வெட்டில் வெட்டப்பட்டிருந்த பதினொரு பெயர்களையும் நான் ஆள் வைத்து உளியால் கொத்தி அழித்தேன். என் மேல் வழக்குப் போட வேண்டும்." கீழே என் கையெழுத்து. பட்டம் போடவில்லை.

அங்கிருந்த அதிகாரி படித்தார். சிரித்தார். "இன்னா சார், காலைலயே காமெடி பண்றீங்க? அங்க கல்வெட்டே கிடையாதுன்னு கவர்மென்ட்டு ரிப்போர்ட்டே கீது. இல்லாத பொருள நீங்க எப்டி சார் உடைச்சீங்க?" என்று சொல்லிக் காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இல்லாத பொருளை எப்படி உடைத்தாய்? என்ன அருமையான கேள்வி! அதைத் திருப்பிப் போடுங்கள். நான் உடைத்தேன் என்று அரசு ஒப்புக்கொண்டால்? என் மேல் வழக்குப் பதிந்தால்? என்னைக் கூண்டில் ஏற்றி, தண்டித்து, சிறையில் தள்ளினால்? அப்போது கல் இருந்தது என்று ஆகும்! எழுத்து இருந்தது என்று ஆகும்! பதினொரு பேர் இருந்தார்கள் என்று அரசாங்கத்தின் ஏட்டிலேயே எழுத வேண்டி வரும்! நான் நிரபராதி என்றால் அந்தப் பதினொரு பேரும் பிறக்கவே இல்லை. நான் குற்றவாளி என்றால் அவர்கள் வாழ்ந்தார்கள், கடலில் இறங்கினார்கள், செத்தார்கள். சாலை விலகுமா என்று எனக்குத் தெரியாது. பொய் நம்பிக்கை கொடுக்கமாட்டேன். ஆனால் அவர்கள் இருந்தார்கள் என்பதற்கு இன்று இந்த ஊரில் ஒரே ஒரு ஆதாரம்தான் மிச்சமிருக்கிறது. அது என் குற்றம்.

ஆகவே நாளை பத்தரை மணிக்கு அந்தச் சபையில் நான் மனுதாரனாக நிற்கப்போவதில்லை. குற்றவாளியாக நிற்கப்போகிறேன். ஆனால் குற்றவாளி தானே ஒப்புக்கொண்டால் பைத்தியம் என்று துரத்திவிடுவார்கள். நேற்றே துரத்தினார்கள். சாட்சி வேண்டும் ஐயா, சாட்சி! உளிப் புள்ளியைக் கண்ணால் பார்த்தவர்கள் வேண்டும். கல்லில் எழுத்து இருந்ததைக் கையால் தடவியவர்கள் வேண்டும். செங்குட்டுவன் வாழ்க என்று சொல்ல நூறு பேர் வருவீர்கள், தெரியும். நாளைக்கு அது வேண்டாம். செங்குட்டுவன்தான் அழித்தான், இவனைப் பிடியுங்கள் என்று அந்த அதிகாரிகள் முகத்துக்கு முன்னால், கையெழுத்தோ கைநாட்டோ வைத்துச் சொல்ல எத்தனை பேர் வருவீர்கள்?

என்ன பாய்? மைக்கில் சொல்லுங்கள். "கொத்துனது என் கை நைனா, என் பேரையும் சேத்து எழுதிக்கோ" என்கிறார் மஜீது பாய். வேண்டாம் பாய். நீங்கள் என்னிடம் கேட்டீர்கள். நான்தான் பதில் சொன்னேன். நீங்கள் எனக்கு எதிரான முதல் சாட்சி. வந்து உளியைக் காட்டுங்கள், அது போதும்.

மற்றவர்கள்? ஏன் தயங்குகிறீர்கள்? நண்பன் என்று பார்க்கிறீர்களா? சொந்தக்காரன் என்று பார்க்கிறீர்களா? இருபத்திரண்டு வருடமாக நமக்காகக் கத்தினானே என்று பார்க்கிறீர்களா? பெயர் தொலைந்த அந்த ஏழு பேருக்கு யார் நண்பன்? யார் சொந்தக்காரன்? முகம் தெரியாத கப்பல்காரனுக்காக உயிரைக் கொடுத்தவர்களுக்காக, முகம் தெரிந்த ஒருவனைக் காட்டிக்கொடுக்க உங்களால் முடியாதா? கேட்கிறேன், காட்டிக்கொடுங்கள்! அன்பிருந்தால் காட்டிக்கொடுங்கள்! எனக்கு எதிராகச் சாட்சி சொல்பவர்கள் கையைத் தூக்குங்கள்!

ஐரீன் அம்மா தூக்கிவிட்டார். நன்றி அம்மா. உங்களிடம் மன்னிப்புக் கேட்கும் தகுதி எனக்கு இல்லை, நன்றி மட்டும் சொல்கிறேன். இதோ அண்ணன் ராசையா தூக்குகிறார். அங்கே, கூடைக்காரத் தாய்மார்கள். மாடியிலிருந்து இரண்டு பேர். டீக்கடை ஓரத்து நண்பரே, எழுதிக்கொள்ளுங்கள், எண்ணி எழுதிக்கொள்ளுங்கள், இவர்கள் யாரும் கூலிக்கு வந்தவர்கள் அல்லர். இன்னும் தூக்குங்கள். நன்றாக உயர்த்துங்கள், எனக்குத் தெரிய வேண்டும்.

கூட்டம் நடத்த இடம் கொடுத்த கடைக்காரர்களுக்கும், ஒலிபெருக்கி கட்டியவருக்கும், வண்டியை நிறுத்திக் கேட்ட ஓட்டுநர்களுக்கும் நன்றி. எனக்கு எதிராக உயர்ந்து நிற்கும் ஒவ்வொரு கைக்கும் என் வணக்கம்.